கயிறு பிடிக்கும் கை: முத்துக்குளித்துறையின் மருத்துவமனைகள்

தாமிரபரணி கடலோடு கலக்கும் புன்னைக்காயலில் வாழ்ந்த அண்டிறிக்கி அடிகளாரை நாம் அச்சுக்கலையின் பக்கம் மட்டுமே வைத்துப் பார்த்துப் பழகிவிட்டோம். 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ அவர் பெயரை இலக்கிய வரலாற்றில் நிறுத்திவிட்டது. அதற்கு ஏறத்தாழ கால் நூற்றாண்டு முன்பே, 1550ஐ ஒட்டி, அவர் புன்னைக்காயலில் ஏழைகளுக்கென ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார் என்பதைத் தமிழ் ஆசிரியர்களாகிய நாம் வகுப்பில் சொல்வது அரிது. அதன் செலவில் கரையோர மக்களின் காணிக்கைக்குப் பெரும்பங்கு உண்டு. முத்துக்குளித்தோர் கொடுத்தனர்; முத்துக்குளித்தோரே படுத்தனர். கொடுப்பவனும் படுப்பவனும் ஒருவனாக இருக்கும் இடத்தில், நோயாளியின் தலைமாட்டில் ஆள் இருக்கிறாரா என்பதை யாரும் ஏட்டைப் புரட்டிப் பார்க்க வேண்டியதில்லை.

1658இல் தூத்துக்குடி டச்சுக்காரர் கைக்குப் போயிற்று. கத்தோலிக்கத் துறவியர் வெளியேற்றப்பட்டனர். டச்சுக் கம்பெனியிடம் மருத்துவர்கள் இல்லாமலில்லை. சம்பளப் பட்டியலில் மாலுமிக்கும் தச்சனுக்கும் இருந்ததுபோல மருத்துவனுக்கும் ஓர் இடம் இருந்தது. ஆனால் அவன் முதன்மையாகக் கம்பெனி ஊழியரின் உடல்நலத்துக்காக வைக்கப்பட்டவன். கம்பெனி கொடியது என்று இதற்குப் பொருளல்ல. வணிகக் கணக்கில் மருத்துவன் ஒரு செலவு. எவருக்காகச் செலவிடுவது என்பதை உடைமையாளன் தீர்மானிக்கிறான், அவ்வளவே. 1825இல் அதே துறைமுகம் ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கப்பட்டது.

அடுத்து நாம் பார்க்க வேண்டியது கடற்கரையை அல்ல, மாவட்டத்தின் உட்பகுதியிலுள்ள நாசரேத்தை. அங்குள்ள தூய லூக்கா மருத்துவமனையை 1870இல் எஸ்.பி.ஜி. மிஷனைச் சேர்ந்த டாக்டர் ஸ்ட்ராகன் தொடங்கினார். அவர் பின்னர் ரங்கூன் பேராயராகப் போய்விட்டார். 1876இல் வந்த மர்காஷியஸ் ஐயர் குருவானவர். மருத்துவப் பயிற்சியும் உடையவர். தாது வருடப் பஞ்சத்தின் அநாதைப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு, பள்ளி, தொழிற்பள்ளி, மருத்துவமனை என அனைத்தையும் 1908இல் இறக்கும்வரை தாங்கி நின்றார். ஒருவரே நிறுவனமாக இருந்த காலம் அது. அவரை வியக்காமல் இருக்க முடியாதுதான். ஆனாலும் ஆள் போதாமையை ஒரு மனிதரின் உழைப்பால் மூடி மறைப்பதும் இப்படித்தான் நடக்கும் என்பதை மறக்கலாகாது.

1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. 2003இல் தூத்துக்குடி-நாசரேத் திருமண்டலம் தனியே பிரிந்தது. உடைமை இலண்டன் சங்கத்திடமிருந்து உள்ளூர்த் திருச்சபைக்கு வந்தது நியாயமே. எனினும் நாடெங்கும் மிஷன் மருத்துவமனைகள் பலவற்றில் வெளிநாட்டுப் பணமும் வெளிநாட்டு மருத்துவர்களும் படிப்படியாகக் குறைந்தபோது, நோயாளியின் கட்டணத்திலிருந்தே செவிலியரின் சம்பளம் வரவேண்டியதாயிற்று. ஏழைக்கென்று கட்டிய இடம் ஏழையிடமே கட்டணம் கேட்கும் சங்கடம் இது.

இந்தச் சங்கடத்துக்கு வேலூர் கண்ட வழி தனித்தன்மையானது. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி பல திருச்சபைகளின் கூட்டு உடைமை. திருச்சபை பரிந்துரைக்கும் மாணவர், படிப்பு முடிந்ததும் சில ஆண்டுகள் மிஷன் மருத்துவமனைகளில் பணியாற்ற வேண்டும் என்பது ஒப்பந்தம். அதாவது உடைமையின் அமைப்பே ஆளை உற்பத்தி செய்கிறது. தேசிய நுழைவுத்தேர்வு வந்தபோது, 2017இல் அக்கல்லூரி தன் நூறு எம்.பி.பி.எஸ். இடங்களில் ஒன்றை மட்டுமே நிரப்பியதன் காரணம் இதுதான். 2020இல் உச்ச நீதிமன்றம் நுழைவுத்தேர்வு அனைவருக்கும் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது.

நம் ஊரில் நர்சிங் ஹோம் என்றால் டாக்டர் தம்பதியர் மாடியில் குடியிருந்து கீழே நடத்தும் பத்துப் படுக்கை மருத்துவமனை. அமெரிக்காவில் அச்சொல் முதியோர் பராமரிப்பு இல்லத்தைக் குறிக்கும். அங்கே மேனர்கேர் என்னும் பெருநிறுவனத்தைக் கார்லைல் குழுமம் 2007இல் வாங்கியது. 2011இல் கட்டடங்களை விற்று, அவற்றையே வாடகைக்கு எடுத்தது. வாடகையைக் குறைக்க இயலாது. மருந்தையும் உணவையும் ஓரளவுக்கு மேல் குறைக்க இயலாது. எஞ்சுவது செவிலியர் சம்பளம். 2018இல் நிறுவனம் திவாலானது. இவ்வாறு தனியார் முதலீட்டு நிறுவனங்கள் வாங்கிய இல்லங்களை ஆராய்ந்து 2021இல் பொருளியலாளர் சிலர் வெளியிட்ட கட்டுரை, குறுகிய காலம் தங்கிய முதியோரின் இறப்பு சுமார் 10 சதவீதம் கூடியதையும் செவிலியர் கவனிப்பு குறைந்ததையும் காட்டியது.

இதைப் படிக்கும்போது நமக்கு முத்துச்சலாபம் நினைவுக்கு வருகிறது. பார்களின் உடைமை பாண்டியரிடமிருந்து போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என மாறிக்கொண்டே வந்தது. வரியும் பங்கும் மாறின. மாறாத ஒன்று உண்டு. கல்லைக் கட்டிக்கொண்டு கடலடிக்கு இறங்கும் குளியாளுக்கு மேலே தோணியில் கயிறு பிடிக்க ஒருவர் இருந்தே ஆகவேண்டும். அவர் மைத்துனராக இருக்க வேண்டும் என்றுகூட ஒரு வழக்கு உண்டு. தங்கை தாலியறுக்கக் கூடாதல்லவா? எந்த உடைமையாளனும் அந்த ஆளைக் குறைக்கத் துணியவில்லை. குறைத்தால் குளியாள் இறங்கமாட்டான்.

படுக்கையில் கிடக்கும் முதியவருக்கு அப்படி மறுத்துச் சொல்ல வழியில்லை.