ஜெஃப்ரி பர்ன்ஸ்டாக்

ஜெஃப்ரி பர்ன்ஸ்டாக் (1929–2020) லண்டனில் பிறந்து, ஆஸ்திரேலியாவிலும் இங்கிலாந்திலும் பணியாற்றிய நரம்பியல் அறிஞர். உயிரணுவுக்குள் ஆற்றலை வழங்கும் மூலக்கூறாக மட்டுமே அறியப்பட்டிருந்த அடினோசின் டிரைபாஸ்பேட் (ஏடிபி), நரம்பு முனையிலிருந்து வெளியேறி அடுத்த உயிரணுவுக்குச் செய்தியைக் கொண்டுசெல்லும் நரம்பியக்கடத்தியாகவும் செயல்படுகிறது என்பதை முன்வைத்து, ஏடிபியும் அடினோசினும் அவற்றின் இனப் பொருள்களும் ஆற்றும் இப்பணிக்குப் பியூரின்வழிச் சமிக்ஞை என்னும் தனி ஆய்வுத்துறையை உருவாக்கியவர் இவர்.

மீன்களின் குடல் இயக்கத்தைப் பற்றி ஜே. இசட். யங்கின் வழிகாட்டுதலில் முனைவர் பட்ட ஆய்வை முடித்த பர்ன்ஸ்டாக், ஆக்ஸ்ஃபோர்டில் மென்தசை ஆய்வின் முன்னோடியான எடித் பூல்பிரிங்குடன் பணியாற்றியபின், 1959இல் மெல்போர்ன் பல்கலைக்கழக விலங்கியல் துறையில் சேர்ந்தார். தானியங்கு நரம்பு மண்டலத்தில், அதாவது நம் விருப்பத்துக்கு உட்படாமல் குடல், இதயம், இரத்தக் குழாய் போன்றவற்றை இயக்கும் நரம்புத் தொகுதியில், அசிட்டைல்கோலின், நார்அட்ரினலின் ஆகிய இரண்டு கடத்திகளே உள்ளன என்பது அக்காலத்தில் பாடநூல்கள் ஐயமின்றிக் கூறிய கருத்தாகும். மாலி ஹோல்மன், மேக்ஸ் பென்னட், கிரஹாம் கேம்ப்பெல் ஆகியோருடன் சேர்ந்து அவர் கினிப் பன்றியின் பெருங்குடலில் உள்ள நெடுக்குத் தசைப்பட்டையை எடுத்து, இவ்விரு கடத்திகளின் செயலையும் மருந்துகளால் தடுத்துவிட்டு நரம்பை மின்னால் தூண்டியபோது, எதுவும் நிகழாது என்று எதிர்பார்க்கத்தக்க அந்நிலையிலும் தசையணுச் சவ்வின் மின்னழுத்தம் மேலும் எதிர்மறையாகித் தசை தளர்ந்தது. 1963இல் வெளியான இம்முடிவு மூன்றாவது வகை நரம்பு ஒன்று உண்டு என்பதைக் காட்டியதேயன்றி, அதன் கடத்தி எது என்பதைச் சொல்லவில்லை.

விடை தேடுவதற்கு ஏழாண்டுகள் பிடித்தன. ஒரு பொருளைக் கடத்தி என ஏற்க வேண்டுமானால் அது நரம்பில் உருவாகிச் சேமிக்கப்பட வேண்டும், தூண்டும்போது வெளியேற வேண்டும், வெளியிலிருந்து செலுத்தினாலும் நரம்பு விளைவிக்கும் மாற்றத்தையே விளைவிக்க வேண்டும், வேலை முடிந்ததும் அதை அகற்ற வழியும் இருக்க வேண்டும். இந்த அளவுகோல்களை வைத்துப் பல பொருள்களைச் சோதித்ததில் ஏடிபியே பொருந்தி வந்தது. கினிப் பன்றி, தேரை ஆகியவற்றின் இரைப்பையில் நரம்பைத் தூண்டியபோது ஏடிபியின் சிதைவுப் பொருள்களான அடினோசினும் இனோசினும் வெளிவந்ததை 1970ஆம் ஆண்டுக் கட்டுரை பதிவு செய்தது. 1972இல் எழுதிய விரிவான மதிப்பீட்டுக் கட்டுரையில் இந்நரம்புகளுக்குப் ‘பியூரின்வழி நரம்புகள்’ எனப் பெயரிட்டார்.

எதிர்ப்பு கடுமையாக இருந்தது. எல்லா உயிரணுக்களிலும் மிகுதியாக நிறைந்து, ஆற்றலுக்கு இன்றியமையாததாக உள்ள ஒரு பொருளை நரம்பு வெளியே கொட்டும் என்பது பலருக்கு நம்பத்தகாததாகத் தோன்றியது. ஏடிபியின் விளைவை மட்டும் தேர்ந்து தடுக்கும் நல்ல மருந்து அன்று கையில் இல்லாததும் அவநம்பிக்கைக்கு இடம் கொடுத்தது. ஒரு நரம்பணு ஒன்றுக்கு மேற்பட்ட கடத்திகளை வெளியிடக்கூடும் என்று 1976இல் அவர் எழுதியது, அன்று நிலவிய மற்றொரு கொள்கையையும் அசைத்தது; இணைக்கடத்தல் என்னும் அக்கருத்து இன்று பொதுவாக ஏற்கப்பட்டுள்ளது.

பர்ன்ஸ்டாக்கின் பணியில் மிகவும் நிலைத்து நின்றது ஏற்பிகளை அவர் வகைப்படுத்திய முறையே எனலாம். ஏற்பி என்பது கடத்தி வந்து பற்றிக்கொள்ளும் புரதம். அடினோசினுக்கு வினைபுரிந்து, காஃபினும் தியோஃபிலினும் தடுக்கக்கூடியவற்றை பி1 என்றும், ஏடிபி, அடினோசின் டைபாஸ்பேட் ஆகியவற்றுக்கு வினைபுரிபவற்றை பி2 என்றும் 1978இல் பிரித்தார். 1985இல் சார்ல்ஸ் கென்னடியுடன் சேர்ந்து பி2-ஐ மேலும் பி2எக்ஸ், பி2ஒய் என இரண்டாக்கினார். மருந்துகளுக்குத் திசுக்கள் காட்டிய எதிர்வினையை மட்டுமே கொண்டு செய்யப்பட்ட இப்பிரிவை, 1993 முதல் ஏற்பிகளின் மரபணுக்கள் பிரித்தெடுக்கப்பட்டபோது கிடைத்த சான்றுகள் உறுதி செய்தன. பி2எக்ஸ் ஏற்பிகள் ஏடிபி பட்டதும் திறக்கும் அயனி வாயில்கள். அவற்றின் அலகுகள் 7 வகைப்படும். பி2ஒய் ஏற்பிகளோ ஜி-புரதம் வழியாக மெதுவாகச் செயல்படுபவை. மனிதரில் அவை 8. அதே சமயம், 1963இல் கண்ட தளர்ச்சி முழுவதும் ஏடிபியால் மட்டும் விளைவதன்று என்பதும், குடலின் பல பகுதிகளில் நைட்ரிக் ஆக்சைடும் உடன் செயல்படுகிறது என்பதும் பின்னர் தெளிவாயின.

1975 முதல் 1997 வரை லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் உடற்கூறியல் துறைத் தலைவராகவும், பின்னர் ராயல் ஃப்ரீ வளாகத்தில் தானியங்கு நரம்பியல் நிறுவனத்தின் தலைவராகவும் விளங்கினார். 1986இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார்; 2000இல் அதன் ராயல் பதக்கத்தைப் பெற்றார். இறுதிக்காலத்தில் மெல்போர்னுக்குத் திரும்பி, அங்கேயே 2020இல் காலமானார்.

இத்துறையின் மருத்துவப் பயன்கள் பல திசைகளில் விரிந்துள்ளன. இதய நோயாளிகளுக்கு இரத்தம் உறைவதைத் தடுக்கத் தரப்படும் குளோபிடோக்ரல், தட்டணுக்களிலுள்ள பி2ஒய்12 ஏற்பியை அடைக்கிறது. ஆயினும் அதன் இலக்கு இன்னதென்று மருந்து புழக்கத்துக்கு வந்த பின்னரே உறுதியாயிற்று. சிறுநீர்ப்பை நிரம்பி விரியும்போது அதன் உட்சுவர் உயிரணுக்கள் ஏடிபியை வெளியிட்டு, உணர்வு நரம்புகளிலுள்ள பி2எக்ஸ்3 ஏற்பிகளைத் தூண்டுகின்றன என்னும் பர்ன்ஸ்டாக்கின் கருத்தை, அவ்வேற்பி நீக்கப்பட்ட எலிகளில் 2000இல் செய்யப்பட்ட ஆய்வு ஆதரித்தது. இதே ஏற்பியை அடைக்கும் கெஃபாபிக்சன்ட், தீராத நாட்பட்ட இருமலுக்கு மருந்தாக ஜப்பானில் 2022இல் அனுமதிக்கப்பட்டது. நாவின் சுவை மொட்டுகளும் நரம்புக்குச் செய்தி அனுப்ப ஏடிபியையே பயன்படுத்துவதால், இம்மருந்தை உட்கொள்வோரில் பலருக்குச் சுவையுணர்வு மாறிவிடுகிறது.