பிளான்ட் ஃபைண்டர்

பிரிட்டனில் எந்தச் செடி எந்த நர்சரியில் விற்பனைக்குக் கிடைக்கும் என்று காட்டும் பட்டியல். கிறிஸ் பிலிப் தொகுத்த முதல் பதிப்பு 1987இல் வெளிவந்தது. பின்னர் அரச தோட்டக்கலைச் சங்கம் பொறுப்பேற்றது. அச்சுப் பதிப்பு 2020உடன் நின்று, இன்று இணையத்தில் தொடர்கிறது.

நர்சரிகள் தத்தம் இருப்புப் பட்டியலை அனுப்ப, சங்கத்தின் தாவரவியலாளர்கள் பெயர்களைச் சரிபார்க்கிறார்கள். பட்டியலின் உண்மையான மதிப்பு இதில்தான் இருக்கிறது. ஒரே செடி பல பெயர்களில் விற்கப்படுவதும், ஆய்வில் பெயர் மாறுவதும் தோட்டக்கலையில் வழக்கம். ரோஸ்மேரி, ரோஸ்மரினஸ் பேரினத்திலிருந்து சால்வியாவுக்கு மாற்றப்பட்டதை 2019இல் சங்கம் ஏற்றது. வாடிக்கையாளர் பழைய பெயரைத் தட்டினாலும் புதிய பெயருக்குக் கொண்டுசேர்க்காத மின்பட்டியலால் பயனில்லை.

சங்கத்தின் அளவுகோலில் செடிகளின் குளிர்தாங்கும் திறன் எச்1ஏ முதல் எச்7 வரை தரப்படுத்தப்படுகிறது. ஆண்டு முழுதும் சூடேற்றிய கண்ணாடிக்கூடம் தேவைப்படும் வெப்பமண்டலச் செடிகள் எச்1ஏ. மைனஸ் 20 பாகை செல்சியஸுக்குக் கீழும் பிழைப்பவை எச்7. பட்டியலில் இருப்பதாலேயே செடி அன்று கையிருப்பில் இருக்கும் என்று கொள்ள முடியாது. நர்சரியைக் கேட்டு உறுதிசெய்துகொண்டு புறப்படுவதே நல்லது.