மாற்று நகரங்களின் வரலாறு: புவனேஸ்வர், 2017

ஆசியத் தடகளப் போட்டி இந்தியாவில் முதன்முறையாக 1989இல் தில்லியில் நடைபெற்றது. அதன்பின் அதனை நடத்திய இரு நகரங்களும் முதல் தெரிவாக இருந்தவை அல்ல. 2013இல் சென்னையே களமாக இருந்திருக்க வேண்டும். இலங்கை வீரர்கள் பங்கேற்பதை அன்றைய தமிழக அரசு ஏற்க மறுத்ததால் போட்டி புனேவுக்குச் சென்றது. 2017இல் ராஞ்சி விலக, அப்பொறுப்பைப் புவனேஸ்வர் ஏற்றது.

புவனேஸ்வரின் பிறப்பே மாற்றாகத்தான் நிகழ்ந்தது. கட்டக்கிற்குப் பதிலாகப் புதிய தலைநகரம் அமைக்க 1948இல் அடிக்கல் நாட்டப்பட்டது. அந்நகருக்கு 2017இல் கிடைத்த கால அவகாசம் ஏறத்தாழ 90 நாள்கள். அதற்குள் கலிங்கா விளையாட்டரங்கம் ஆயத்தமானது. ஜூலை 9 அன்று போட்டி நிறைவுற்றபோது, 12 தங்கம் உட்பட 29 பதக்கங்களுடன் இந்தியா முதன்முறையாகப் பட்டியலில் முதலிடம் பெற்றிருந்தது, சீனா இரண்டாமிடம். அடுத்த மாதம் இலண்டனில் உலகப் போட்டி இருந்தமையால் வெளிநாட்டு முன்னணி வீரர்கள் பலர் வரவில்லை என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

5,000, 10,000 மீட்டர் ஓட்டங்கள் இரண்டிலும் தங்கம் வென்றவர் புதுக்கோட்டையைச் சேர்ந்த கோ. லட்சுமணன். நான்காண்டுகளுக்கு முன் சென்னை இழந்த மேடையில் ஒரு தமிழக வீரர் பெற்ற வெற்றி அது.

இந்நிகழ்வுகள் உணர்த்துவது ஒன்றே. ஒரு நகரம் களமாவதை அதன் விளையாட்டு மரபு மட்டும் தீர்மானிப்பதில்லை. மாநில அரசின் அரசியல் முடிவே தீர்மானிக்கிறது. இந்திய விளையாட்டு வரலாற்றை எழுதுவோர் பதக்கப் பட்டியலோடு தலைமைச் செயலகக் கோப்புகளையும் படித்தாக வேண்டும்.