தோற்றவர் பெயரில் ஒரு தற்காப்பு

சதுரங்கத்தில் ஒரு தற்காப்பு முறை, அதை ஆடித் தோற்றவரின் பெயரையே தாங்கி நிற்பது விந்தைதான். ‘மார்ஷல் தாக்குதல்’ அத்தகையது.

1909இல் அமெரிக்கரான பிராங்க் மார்ஷல், கியூபாவின் இளைஞர் கபாபிளாங்காவுடன் மோதிய தொடரில் 8 ஆட்டங்களை இழந்தார், வென்றது ஒன்றே. மற்ற 14 ஆட்டங்கள் சமனில் முடிந்தன. இருவரும் 1918 அக்டோபரில் நியூயார்க் போட்டியொன்றில் மீண்டும் எதிரெதிரே அமர்ந்தனர். கபாபிளாங்கா ருய் லோபஸ் முறையில் தொடங்கினார். எட்டாம் நகர்வில் மார்ஷல் ராணியின் சிப்பாயை இரண்டு கட்டம் முன்தள்ளி, நடுவிலிருந்த மற்றொரு சிப்பாயைப் பலிகொடுக்க முன்வந்தார். ஈடாக அவர் நாடியது வெள்ளை ராஜாவின் மீதான தாக்குதலை.

இந்த நகர்வைக் கபாபிளாங்காவுக்கென்றே மார்ஷல் பல்லாண்டுகள் மறைத்து வைத்திருந்தார் என்பது வழிவழியாக வரும் கதை. ஆனால் இதே நகர்வு 1893இல் ஹவானாவில், கபாபிளாங்கா பிறந்த ஊரிலேயே, வால்பிராட் ஆடிய ஆட்டமொன்றில் தோன்றிவிட்டது. ஆகவே அக்கதையை நாம் ஐயத்துடனேயே ஏற்கவேண்டியுள்ளது.

ஐயத்திற்கு இடமற்றது ஒன்றுண்டு. எதிராளி வீட்டில் ஆராய்ந்து வந்த பாதையில்தான் கால்வைக்கிறோம் என்பதைக் கபாபிளாங்கா உணர்ந்திருந்தார்; தமது மதிப்பீட்டுத் திறனுக்கு விடப்பட்ட அறைகூவலாகவே அதைக் கொண்டதாகப் பின்னர் எழுதினார். சிப்பாயை வெட்டினார். மார்ஷல் குதிரையைப் பலியிட்டார், பிஷப்பையும் முன்வைத்தார். கறுப்பு ராணி வெள்ளையின் முதல் வரிசைக்குள் புகுந்தது. வெள்ளை ராஜா அஞ்சி ஒடுங்காமல், கட்டம் கட்டமாக நடந்து ராணிப் பக்கம் சென்று தங்கியது. தாக்கவந்த ராணியும் பிஷப்பும் மூலையில் முடங்கின. மறுபுறம் வெள்ளைச் சிப்பாய்கள் முன்னேற, 36ஆம் நகர்வில் ஆட்டம் முடிந்தது.

மனப்பாடத்தை மதிநுட்பம் வென்றது என்று இதற்கு உரை சொல்வது எளிது. பின்வந்த வரலாறு அவ்வுரையை ஏற்கவில்லை. குதிரையைப் பின்வாங்காமல் ஒரு சிப்பாயால் தாங்கும் திருத்தத்தை மார்ஷலே பின்னர் கண்டார். அவ்வடிவம் நிலைபெற்றது. 1965இல் தாலுக்கு எதிரான தொடரில் ஸ்பாஸ்கி இதனை நம்பி ஆடினார். 1993இல் உலகப்பட்டத் தொடரில் ஷார்ட்டை எதிர்கொண்ட காஸ்பரோவ், இம்முறைக்கு இடங்கொடாமல் எட்டாம் நகர்விலேயே வேறு வழி சென்றார்.

அன்று பலகையில் தோற்றது மார்ஷலின் ஓர் ஆட்டம். அவருடைய எண்ணம் தோற்கவில்லை. முடிவை மட்டும் பார்த்துத் தீர்ப்புக் கூறும் நம் வழக்கத்தை, இந்த ஆட்டத்தை முன்வைத்து நாம் ஒருமுறை மறுபரிசீலனை செய்யலாம்.