டார்ட்மத்: கல்லூரிக்கு வந்த ஆற்றுவாய்ப் பெயர்

ஆறு கடலில் கலக்கும் இடத்தை முகத்துவாரம், கழிமுகம் என்கிறோம். ஆங்கிலேயர் அதை ஆற்றின் வாய் என்பார்கள். இங்கிலாந்தின் டெவன் பகுதியில் டார்ட் என்றோர் ஆறு ஓடுகிறது. ஆங்கிலம் அந்தத் தீவில் கால்வைப்பதற்கு முன்பே பிறந்த பெயர் அது. கருவாலி மரங்கள் செறிந்த ஆறு என்று ஊர்ப்பெயர் ஆய்வாளர்கள் பொருள் சொல்கிறார்கள். அதன் வாயில் இருக்கும் துறைமுக ஊர் டார்ட்மத். வாயைக் குறிக்கும் 'மவுத்' ஊர்ப்பெயரின் ஈற்றில் தேய்ந்து 'மத்' ஆகிவிடும்.

இந்தப் பெயர் அட்லாண்டிக்கைக் கடந்து, அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் ஹானோவர் என்ற சிற்றூரிலுள்ள கல்லூரிக்கு வந்திருக்கிறது. அங்கே கடலும் கிடையாது, டார்ட் ஆறும் கிடையாது. கனெக்டிகட் ஆறுதான் ஓடுகிறது. அது அந்த மண்ணின் பழங்குடியினர் இட்ட பெயர். ஓதம் ஏறி இறங்கும் நீண்ட ஆறு என்று பொருள். ஆற்றின் பழைய பெயர் நிலைத்திருக்க, கரையில் எழுந்த கல்லூரிக்கு மட்டும் ஏன் டெவன் ஊரின் பெயர்? அதுவும் பழங்குடிப் பிள்ளைகளின் படிப்புக்கென்று திரட்டிய பணத்தோடு பிறந்த கல்லூரிக்கு?

பணத்தைத் திரட்டியவர் சாம்சன் ஆக்கம். (தமிழின் 'ஆக்கம்' காதில் விழுந்தாலும் ஒலி ஒற்றுமைக்கு மேல் அதில் உறவு எதுவும் கிடையாது.) 1723இல் மொஹீகன் குடியில் பிறந்தவர்; ஓநாய் மக்கள் என்று அக்குடியினர் தம் பெயருக்குப் பொருள் சொல்கிறார்கள். 1743இல் எலியசர் வீலாக் என்ற பாதிரியாரிடம் படிக்கச் சேர்ந்தார். இந்த மாணவரின் தேர்ச்சி தந்த ஊக்கத்தில் வீலாக் 1754இல் ஒரு பள்ளியைத் தொடங்கினார். வீடும் நிலமும் தந்த ஜோஷுவா மூரின் பெயரால் அது மூர் இந்தியத் தருமப் பள்ளி ஆயிற்று. கொடுத்தவர் யார், யாருக்காகக் கொடுத்தார், அது என்ன என்ற மூன்றையும் சொல்லிவிடும் நேர்மையான பெயர்.

பள்ளிக்கு நிதி வேண்டி சாம்சன் 1766இல் இங்கிலாந்து போனார். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஊர் ஊராகச் சுற்றி முந்நூறுக்கும் அதிகமான பிரசங்கங்கள் செய்தார். மன்னர் மூன்றாம் ஜார்ஜ் 200 பவுண்டு கொடுத்தார். ஸ்காட்லாந்தையும் சேர்த்து மொத்தம் 12,000 பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. லண்டனில் அந்த நிதியைக் காக்க அமைந்த அறங்காவலர் குழுவுக்குத் தலைவர் வில்லியம் லெக். ஊரின் பெயரைப் பட்டமாகப் பெற்ற குடும்பத்தில் அவர் இரண்டாம் டார்ட்மத் பிரபு.

கோயிலுக்கு நிலம் விட்டவர், இதன் விளைவு இன்ன பூசைக்கு என்று வரையறுத்துவிட்டால் அதைக் கட்டளை என்கிறோம். ஆணைக்கும் அதே சொல்தான். கொடுத்தவர் குறித்த செலவுக்கு மேல் வேறு செலவு கூடாது என்பதை அறக்கட்டளை என்ற இன்றைய சொல்லும் மறக்கவில்லை.

வீலாக் மறந்தார். பழங்குடிப் பிள்ளைகள் மேல் நம்பிக்கை இழந்து, வெள்ளை இளைஞர்களைப் பாதிரிகளாக்கும் கல்லூரிக்குத் திட்டமிட்டார். லண்டன் அறங்காவலர்களைக் கேட்காமலேயே 1769 டிசம்பரில் சாசனம் பெற்று, பிரபுவின் பெயரைக் கல்லூரிக்குச் சூட்டினார். சாசனத்தில் பழங்குடி இளைஞர் பெயரே முதலில் நிற்கிறது. அறங்காவலர்களுக்கு இது உவப்பாக இல்லை. ஸ்காட்லாந்துப் பங்கைக் கையில் வைத்திருந்த எடின்பரோச் சங்கம் அதைக் கல்லூரிக்கு விடவே மறுத்தது. இங்கிலாந்துப் பங்கு 1775க்குள் கரைந்து போனது.

1771இல் சாம்சன் வீலாக்குக்கு எழுதிய கடிதம், சொல்லை நேசிக்கும் எவரையும் நிறுத்திவிடும். படித்த கல்லூரியை லத்தீனில் 'அல்மா மேட்டர்' என்பார்கள், பாலூட்டும் தாய். 'அல்பா' என்றால் வெள்ளை. உங்கள் கல்லூரி மாநிறப் பிள்ளைகளுக்குப் பாலூட்ட முடியாத அளவுக்கு வெள்ளைத் தாயாகிவிடும் என்று அஞ்சுகிறேன் என எழுதினார். ஓர் எழுத்தை மாற்றி ஒரு மோசடியின் முழுக் கணக்கையும் வைத்துவிட்டார். முதல் இருநூறு ஆண்டுகளில் அங்கே பட்டம் பெற்ற பழங்குடி மாணவர்கள் 19 பேர்தான். 1970இல் ஜான் கெமனி தலைவரான பிறகே கல்லூரி தன் சாசனத்துக்குத் திரும்பியது. அதன் பின் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே படித்திருக்கிறார்கள்.

இன்னொரு பெயரையும் சேர்த்துப் பாருங்கள். நவாஹோ மக்கள் 1968இல் தாங்களே தொடங்கிய கல்லூரி, பிறர் தமக்கு இட்ட பெயரை விடுத்து 1997இல் டினே கல்லூரி ஆனது. டினே என்றால் அவர்கள் மொழியில் மக்கள். இத்தகைய பழங்குடிக் கல்லூரிகளின் மாணவருக்கு உதவித்தொகை திரட்டவே 1989இல் அமெரிக்க இந்தியக் கல்லூரி நிதியம் உருவானது. பழங்குடி மாணவருக்கென மூலநிதி வைக்க விரும்பும் அறக்கட்டளைகள் அதைப் பழங்குடியினர் கையிலேயே ஒப்படைப்பதுதான் முறை.

ஹானோவரில் ஒரு குளத்துக்கு ஆக்கம் குளம் என்று பெயர். சாம்சன் கைப்பட எழுதிய கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் 2022 ஏப்ரலில் டார்ட்மத் கல்லூரி மொஹீகன் மக்களிடம் திருப்பிக் கொடுத்தது.