பெருமந்தமும் மனவுறுதியும்: சப்ரகமுவத் தோட்டங்கள், 1929–1935

தொழிலாளரின் மனவுறுதி வரலாற்றாசிரியரின் கவனத்தை எளிதில் ஈர்க்கும் பொருளன்று. ஏற்றுமதியின் அளவையும் விலையையும் கூலி வீதத்தையும் பதிவேடுகள் தருகின்றன. வேலையும் கூலியும் குறைந்த நாளில் உழைப்பாளி எதைப் பற்றுக்கோடாகக் கொண்டு வாழ்ந்தான் என்பதை அவை கூறுவதில்லை. ஆயினும் 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தம் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களைத் தாக்கியபோது, இவ்வினாவே ஆயிரக்கணக்கான குடும்பங்களின் வாழ்வுப் பிரச்சினையாயிற்று. அக்காலத்தில் ஊக்கம் எனப்பட்டது யாது, அது எங்கிருந்து வந்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மத்திய மலைநாட்டின் தோட்டங்கள் பெரும்பாலும் தேயிலையை நம்பியிருந்தன. சப்ரகமுவவிலோ தேயிலையோடு இறப்பரும் முதன்மை பெற்றது. எட்டியாந்தோட்டை, தெஹியோவிற்ற, ருவான்வெல்லை முதலிய களனிப் பள்ளத்தாக்குப் பகுதிகள் இறப்பராற் செழித்தன. 1903இல் எட்டியாந்தோட்டையையும் 1912இல் இரத்தினபுரியையும் அடைந்த ஒடுங்கிய இருப்புப்பாதை இவ்விளைபொருளைக் கொழும்புக்குக் கொண்டுசென்றது. 1910இல் இலண்டனில் ஓர் இறாத்தல் இறப்பர் 12 ஷில்லிங்குக்கும் மேலாக விலைபோயிற்று. 1932இல் அதன் விலை இரண்டு பென்ஸுக்கும் கீழே வீழ்ந்தது. உற்பத்தியைக் கட்டுப்படுத்திய ஸ்டீவன்சன் திட்டம் 1928இல் முடிவுற்றிருந்தது. அடுத்த சர்வதேச உடன்படிக்கை 1934 வரை வரவில்லை. இவ்விடைவெளியிலேதான் மந்தம் வந்து சேர்ந்தது.

இவ்விரு பயிர்களின் இயல்பும் ஈண்டு நோக்கற்பாலது. தேயிலைச் செடியைக் கொழுந்தெடுக்காது விட்டால் அது வளர்ந்து மரமாகிவிடும். ஆகவே விலை வீழ்ந்தபோதும் கொழுந்தெடுத்தலை முற்றாக நிறுத்துதல் அரிது. இறப்பர் மரமோ ஓய்வளித்தாற் கெடுவதில்லை. வெட்டிய பட்டை ஆறி மீள வளரும். எனவே தோட்டத்துரை பால்வெட்டை நிறுத்திவிட்டு விலை ஏறும்வரை காத்திருக்க இயன்றது. 1932இல் தோட்டங்கள் பலவற்றிற் பால்வெட்டு நின்றது. மரத்துக்கு ஓய்வாக இருந்தது தொழிலாளிக்குப் பட்டினியாயிற்று. மரம் காத்திருக்கலாம், வயிறு காத்திராது.

சட்டத்தின் பாதுகாப்பு முற்றாக இல்லாதிருந்ததெனக் கூறவியலாது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்படி 1929இல் நாட்கூலி நிர்ணயிக்கப்பட்டது. ஆணுக்கு உயர்நாட்டில் 54 சதமும் மத்திய நாட்டில் 52 சதமும் தாழ்நாட்டில் 50 சதமும், பெண்ணுக்கு முறையே 43, 41, 40 சதமும் விதிக்கப்பட்டன. மந்தம் முற்றியதும் இவ்வீதங்களும் குறைக்கப்பட்டன. இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. கூலி நாளுக்கென விதிக்கப்பட்டது. மாதத்தில் எத்தனை நாள் வேலை கிடைக்கும் என்பதோ தோட்டத்தின் விருப்பத்தைச் சார்ந்திருந்தது. அரிசியின் விலை சம்பளத்திற் கழிக்கப்பட்டமையால், வேலை நாட்கள் குறையக் குறையக் கையிற் கிடைக்கும் காசு மறைந்தது.

இந்நிலையில் ஊக்கமளிக்க முன்வந்தவர் யாவர்? விடியற்காலைப் பிரட்டுக் களத்தில் தொழிலாளருக்கு முதலிற் செவிப்படுவது கங்காணியின் குரலே. பொறுமையையும் விசுவாசத்தையும் அவர் வலியுறுத்துவார். ஆனால் வேலைக்கு வரும் ஒவ்வோர் ஆளுக்கும் கங்காணிக்குத் 'தலைக்காசு' கிடைத்தது. துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்ட பின்னரும் கடன் தொழிலாளியை அவரோடு பிணைத்து வைத்தது. சொல்பவரின் ஊதியம் கேட்பவரின் உழைப்பிலே தங்கியிருந்தமையால், அவ்வறிவுரையைத் தொழிலாளர் ஐயத்துடன் நோக்கியிருப்பின் அது வியப்பன்று.

உண்மையான ஆறுதல் வேறிடத்திற் பிறந்தது. லயத்தின் பின்புறத்துச் சிறு மரக்கறிப் பாத்தியும், ஒரு காம்பராவில் அடுப்பெரியாதபோது அடுத்த காம்பராவிலிருந்து வந்த கஞ்சியும் அதன் முதற்படிகள். மாரியம்மன் திருவிழாவும் காமன் கூத்தும் பொன்னர் சங்கர் கதையும் இரண்டாம் படி. நாள்முழுதும் 'ஆள்' என்று கணக்கிடப்பட்டவன் கூத்துக் களத்தில் மன்மதனாகவும் அருச்சுனனாகவும் நின்றான். இது வெறும் பொழுதுபோக்கன்று. இழந்த மதிப்பை ஓரிரவேனும் மீட்டெடுக்கும் முயற்சி எனலாம்.

மூன்றாம் படி அமைப்பு. 1931இல் கோ. நடேசய்யர் அற்றனில் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தோற்றுவித்தார். அதே ஆண்டு வெளிவந்த அவரது நூலொன்றின் பெயர் 'நீ மயங்குவதேன்?' என்பது. அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாள் பாடல்களை இயற்றித் தொழிலாளர் கூட்டங்களிற் பாடினார். இவர்களும் தொழிலாளரைத் தளராதிருக்குமாறே வேண்டினர். ஆயின் கங்காணியின் அறிவுரை அடங்கியிருக்கச் சொன்னது. இவர்களது அறிவுரை தனது உரிமையை அறிந்துகொள்ளச் சொன்னது. வேறுபாடு இதுவே.

மந்தத்தின் பின்னே நோயும் வந்தது. 1934–35இல் பரவிய மலேரியா நாடெங்கும் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கவர்ந்தது. கேகாலை மாவட்டம் மிகக் கடுமையாகத் தாக்குண்ட பகுதிகளுள் ஒன்று. அங்கு மருந்தும் பருப்பும் கொண்டு கிராமங்களுக்குச் சென்ற சூரியமல் இயக்கத்தினருள் ஒருவரான என். எம். பெரேரா 1936இல் ருவான்வெல்லைத் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவுசெய்யப்பட்டார். துன்ப வேளையில் உடனிருந்தவரை மக்கள் மறப்பதில்லை என்பதற்கு இது சான்றாகும்.

இவ்வுறுதியை மிகைப்படுத்துதலும் தவறு. அவ்வாண்டுகளிற் பலர் தமிழகத்துக்குத் திரும்பிச் சென்றனர். அவர்களை ஊக்கமற்றோர் எனக் கருதுதல் அநீதி. பாத்தியும் கூத்தும் பாட்டும் நின்றுபோன பால்வெட்டுக்கு ஈடாகமாட்டா.

தொண்ணூறு ஆண்டுகள் கழிந்தபின் அதே வினா மீண்டும் எழுந்தது. 2021இல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. 2022இல் நாட்டின் பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்தை எட்டி, அவ்வுயர்வை விழுங்கிவிட்டது. அப்பொழுதும் நம்பிக்கையிழவாதீர் என்னும் உரைகள் எழுந்தன. அவற்றைக் கேட்கும்போது 1930களின் அனுபவம் நமக்கு ஓர் அளவுகோலைத் தருகின்றது. ஊக்கம் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதனைப் போதிப்பவர் சுமையிற் பங்கேற்கின்றாரா, அல்லது சுமப்பவனின் வாயை மட்டும் அடைக்கின்றாரா என்று வினவுதல் வேண்டும். சப்ரகமுவ லயங்களில் பகிர்ந்துண்ட கஞ்சி அவ்வினாவுக்கு விடையாக நிற்கின்றது.