செக் திரும்பினால் நோட்டீஸ், தவணை தவறினால்?

அரியலூர் மாவட்டம் திருமானூர் பக்கம் கொடுக்கல் வாங்கல் பேச்சில் இரண்டு வாக்கியங்கள் அடிக்கடி காதில் விழும். "அவரு குடுத்த செக் ரிட்டர்ன் ஆயிடுச்சு" என்பது ஒன்று. "இந்த மாசம் டியூ ஏறலை" என்பது மற்றொன்று. முதலாவதைச் சொல்லும்போது வக்கீல், கோர்ட், ஜெயில் என்று பயம் சூழ்ந்துகொள்ளும். இரண்டாவதைச் சொல்லும்போது, அடுத்த மாசம் சேர்த்துக் கட்டிக்கலாம் என்ற ஆறுதலும் கூடவே வந்துவிடும். ஆனால் ஒருவருக்கு வங்கிக் கடன் கிடைக்காமல் செய்வதில் இரண்டாவதற்குத்தான் வேகம் அதிகம். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் எதற்கு எவ்வளவு அஞ்ச வேண்டும், எங்கே நமக்கு நியாயம் குறைகிறது என்பது தெரியும்.

இரண்டு தாள்கள்

காசோலை திரும்பினால் வங்கி ஒரு சிறு சீட்டைக் கொடுக்கிறது. காசோலை எண், தொகை, தேதி, கீழே காரணம். காரண எண் 01 என்றால் கணக்கில் பணம் போதவில்லை என்று பொருள். அந்தச் சீட்டு செக்கை வாங்கியவர் கைக்குப் போகிறது. உரக்கடைக்காரரோ, அறுவடை இயந்திரக்காரரோ, அவரைத் தவிர வெளியில் யாருக்கும் அது தெரிய வேண்டியதில்லை.

தவணை தவறினால் பதிவாகும் இடம் வேறு. சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனத்தின் அறிக்கையில் ஒவ்வொரு கடனுக்கும் மாதவாரியாகக் கட்டங்கள் இருக்கும். கட்டத்தில் 000 என்றால் பாக்கி இல்லை. 030 என்றால் 30 நாள் தாமதம். 36 மாத வரலாறு வரிசையாக நிற்கும். கடன் கேட்டுப் போகும் எந்த வங்கியும் அதைத் திறந்து பார்க்கும்.

செக் திரும்பினால்

மாற்றுமுறை ஆவணச் சட்டம் 1881-ல் வந்தது. பணம் போதாமல் காசோலை திரும்புவதைக் குற்றமாக்கிய 138-வது பிரிவு 1989 ஏப்ரல் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. இரண்டாண்டு வரை சிறை, காசோலைத் தொகையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். தண்டனை கடுமைதான். ஆனால் அதற்கு முன் சட்டம் படிப்படியாக அவகாசம் தருகிறது. செக் திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் எழுத்துமூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் பணத்தைக் கொடுத்துவிட்டால் குற்றமே இல்லை. கொடுக்காவிட்டால்தான் அடுத்த ஒரு மாதத்துக்குள் வழக்குப் போட முடியும்.

கடையில் கொடுத்த செக் ஒன்று திரும்பினால் அது தானாக சிபில் அறிக்கையில் ஏறுவதில்லை. கடன் தவணைக்கோ கிரெடிட் கார்டு பாக்கிக்கோ கொடுத்த செக்காக இருந்தால், தவறிய தவணையாக அது ஏறும். மற்றபடி பாதிப்பு நம் சொந்த வங்கியோடு நிற்கிறது. ஒவ்வொரு முறையும் கட்டணமும் அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் பிடிப்பார்கள். அடிக்கடி திரும்பினால் வங்கி தன் கொள்கைப்படி புதிய செக் புத்தகத்தை மறுக்கலாம். பிறகு கடன் கேட்கும்போது மேலாளர் ஆறு மாத ஸ்டேட்மென்ட்டைப் புரட்டுவார். திரும்பியதற்கான கட்டணங்கள் அதில் வரி வரியாக நிற்கும்.

வழக்கின் சுமை வேறு. 2019 இறுதியில் நாட்டில் நிலுவையிலிருந்த 2.31 கோடி குற்ற வழக்குகளில் 35.16 லட்சம் 138-வது பிரிவின் கீழ் வந்தவை என்று உச்ச நீதிமன்றம் 2021-ல் குறிப்பிட்டது. இப்படித் தேங்கும் வழக்கில் அத்தனை வாய்தாக்களுக்கும் வேலையை விட்டு அரியலூர் போய் நிற்பவரின் கூலி எந்தத் தீர்ப்பிலும் திரும்பி வராது.

தவணை தவறினால்

வண்டிக் கடன், டிராக்டர் கடன் எல்லாம் இப்போது வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் ஏற்பாட்டில்தான் ஓடுகின்றன. தை, மாசியில் நெல்லை கொள்முதல் நிலையத்தில் போட்டுவிட்டுப் பணத்துக்குக் காத்திருக்கும் வேளையில் 5-ஆம் தேதி டியூ வந்து நிற்கும். கணக்கில் நூறு ரூபாய் குறைந்தாலும் முழுத் தவணையும் திரும்பும். நம் வங்கி ஒரு கட்டணம், கடன் கொடுத்தவர் ஒரு கட்டணம். திரும்பவும் போட்டுப் பார்த்தால் திரும்பவும் கட்டணம்.

2025 ஜனவரி முதல் கடன் தகவல்கள் 15 நாளுக்கொரு முறையாவது புதுப்பிக்கப்படுகின்றன. 300-லிருந்து 900 வரை போகும் மதிப்பெண் அதோடு சரிகிறது. 90 நாள் தாண்டினால் வாராக்கடன். இதே விவசாயியின் குறுகிய காலப் பயிருக்கான கடன் இரண்டு சாகுபடிப் பருவம் பாக்கி நின்றால்தான் வாராக்கடன். பயிர்க்கடன் விதிக்கு வயலின் காலக்கணக்கு தெரியும். மாதத் தவணைக்குத் தெரியாது. போதாததற்கு, மின்னணு முறையில் பிடிக்கும் தவணை பணமின்றித் திரும்புவதையும் 2007-ஆம் ஆண்டின் பணப்பட்டுவாடா சட்டத்தின் 25-வது பிரிவு குற்றமாக்கியிருக்கிறது. தண்டனையும் செக்குக்கு உள்ளதுதான். டியூவைச் சாதாரணமாக எடுத்துக்கொள்பவர்கள் பலருக்கு இது தெரியாது.

சமரசம் செய்தால்

இரண்டும் முற்றிலும் பிரிவது இங்கேதான். செக் வழக்கில் இரு தரப்பும் பேசி முடித்தால் 147-வது பிரிவின்படி வழக்கு அத்தோடு தீர்ந்தது. குற்றவாளி என்ற பெயர் இல்லை. கடனில், பாக்கியைக் குறைத்து ஒரே தொகையாகக் கட்டி முடித்தால் அறிக்கையில் 'செட்டில்டு' என்று பதிவாகிறது. கட்டியவர் கணக்கு முடிந்தது என்று நிம்மதியாக இருப்பார். அடுத்த வங்கி, இவர் முழுதாகக் கட்டாதவர் என்று அதைப் படிக்கும்.

எது குற்றம், எது வெறும் பதிவு என்ற கோட்டை மற்ற நாடுகள் வேறு இடத்தில் போடுகின்றன. பிரான்சில் செக் திரும்பி, பணமும் செலுத்தாவிட்டால் மத்திய வங்கியின் பட்டியலில் பெயர் ஏறும். ஐந்தாண்டு வரை எந்த வங்கியின் செக்கையும் எழுத முடியாது, பணத்தைக் கட்டினால் தடை நீங்கும். நம் ஊர்க்காரர்கள் பிழைக்கப் போகும் ஐக்கிய அரபு அமீரகத்தில், பணம் போதாமல் செக் திரும்புவது 2022 ஜனவரி முதல் பெரும்பாலும் குற்ற வழக்கு அல்ல. ஆனால் கடன் அறிக்கையில் அது ஏறும்.

செய்ய வேண்டியவை

செக் விஷயத்தில் பெரிய ஆபத்து, ஃபைனான்ஸ்காரரிடம் ஈடாகக் கொடுத்துவைக்கும் வெற்றுச் செக். கையெழுத்திட்டு மனமுவந்து கொடுத்த வெற்றுச் செக்கை வாங்கியவர் பூர்த்தி செய்தாலும், அது கடனுக்காகத் தந்ததுதான் என்ற சட்ட அனுமானம் பொருந்தும் என்று 2019-ல் பீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இல்லை என்று நிரூபிக்கும் பாரம் கையெழுத்துப் போட்டவர் தலையில். வக்கீல் நோட்டீஸ் வந்தால் வாங்காமல் திருப்பி அனுப்புவதும் பயன் தராது. அந்த 15 நாள்தான் சட்டம் தரும் ஒரே சலுகைக் காலம்.

டியூவைப் பொறுத்தவரை, தேதிக்கு முன்பே கிளைக்குப் போய், அறுவடைப் பணம் வரும் காலத்துக்கேற்பத் தவணையை மாற்றக் கேளுங்கள். கேட்டதை எழுத்தில் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கொரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அதில் பிழையிருந்து புகார் செய்தும் 30 நாளில் தீராவிட்டால், நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு.

ஆனால் எல்லாப் பொறுப்பும் கடன் வாங்கியவருக்கே என்பது நியாயமல்ல. கிரெடிட் கார்டு வைத்திருப்பவரை, கட்டத் தவறியவர் என்று அறிவிக்கும் முன் ஏழு நாள் நோட்டீஸ் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் 2022-ஆம் ஆண்டு விதி சொல்கிறது. மற்ற கடன்களில் பாக்கி விவரத்தை அனுப்பும்போது குறுஞ்செய்தி வரும். அது பதிவோடு வரும் தகவல், பதிவைத் தடுக்கும் வாய்ப்பு அல்ல. சிறையை எதிர்நோக்கும் செக் வழக்கில் 15 நாள், கார்டுக்கு ஏழு நாள் என்றால், திருமானூரில் டிராக்டர் தவணை கட்டுபவருக்கும் குழுக் கடன் கட்டும் பெண்ணுக்கும் தமிழில் எழுதிய ஒரு முன்னறிவிப்பும் 15 நாளும் தருவதில் வங்கிகளுக்கு என்ன நஷ்டம்? கொள்முதல் பணம் கணக்கில் ஏறப் பெரும்பாலும் அந்த 15 நாளே போதும்.